மருந்தடிக்காத வயல்

கச்சிராயபாளையத்தில் யார் வயலுக்குப் பூச்சிமருந்து அடிப்பதென்றாலும் முன்பெல்லாம் தைலம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் வரப்பிலேயே வாயில் நுரை தள்ளி விழுந்தாள். பிழைத்து வந்தபின் மருந்தைத் தொடவில்லை.

நெல் ஆராய்ச்சி செய்யும் இசைவாணி குத்தகைக்கு எடுத்த வயலில் வேலை கிடைத்தது. கல்வராயன் மலை நெல் ஒன்றை, சாறு உறிஞ்சிப் பயிரைக் கருக்கும் புகையான் பூச்சி ஒன்றும் செய்வதில்லை. அதைச் சமவெளி நெல்லோடு இனக்கலப்புச் செய்து, அதில் பிறந்த பேரப்பயிர்களை இசைவாணி நட்டிருந்தாள்.

“மலைநெல்லோட குணம் எதுக்கு வந்திருக்குன்னு பூச்சி வுட்டாத்தான் தெரியும்க்கா. மருந்தடிச்சா எல்லாம் பச்சையாத்தான் நிக்கும்.”

பூச்சி பெருகுவதற்கென்றே வயலைச் சுற்றி நோஞ்சான் ரகத்தை நட்டார்கள். பூச்சி பெருகியது. பக்கத்து வயல் பிச்சைமுத்துவின் பயிரும் தீ வைத்ததுபோல வட்டவட்டமாகக் கருகியது.

இசைவாணி சின்னசேலம் போயிருந்த காலையில், பிச்சைமுத்து விசைத்தெளிப்பானோடு அவள் வயலில் இறங்கி அடிக்க ஆரம்பித்தான். மருந்து நெடி ஏறியதும் தைலம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

“வேணாங்க. மேடம் வரட்டுங்க.”

“நவுரு மே! பூச்சிய வளத்துக்கினு என் பயிர அழிக்கிறீங்களா?”

அவன் வீசிய தெளிப்பான் குழாய் அவள் வாயில் இறங்கியது. முன்பல் தெறித்தது. அவள் அவன் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாள். அவன் முடியைப் பிடித்து அவள் முகத்தைச் சேற்றில் அழுத்தினான். மூச்சு முட்டியது. துழாவிய கையில் மண்வெட்டிக் காம்பு சிக்க, திரும்பி அவன் முழங்கால் முட்டியில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. விழுந்து அலறியவனை, “சாவுடா!” என்று இன்னொரு தரமும் அடித்தாள்.

வழக்கு ராஜியானது. ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது இசைவாணி மெல்லச் சொன்னாள்: “பூச்சி நம்ம வயல்லேர்ந்துதான் போயிருக்கும்க்கா.”

“அப்ப அவரு சொன்னது நெசமா? பூச்சி நம்ம வயலத் தாண்டாதுன்னுல்ல நெனச்சேன்.” தைலம்மாள் வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “இன்னா மேடம் இது? மின்னாடியே சொல்லக்கூடாதா?”

மருந்து படாத பாதி வயலில் சில தூர்கள் வைக்கோலாயின. பக்கத்திலேயே பல தூர்கள் கதிர் விட்டன. அவற்றைத் தனியே அறுத்து விதை எடுத்தார்கள். அடுத்த போகத்துக்கு இசைவாணி வயலைச் சுற்றிப் பூச்சி வெளியேறாதபடி வலை கட்டினாள். தைலம்மாள் வேலைக்குப் போனாள். ஆனால் பிச்சைமுத்து காலை இழுத்துக்கொண்டு வரப்பில் வந்தால், அவன் கடந்து போகும்வரை அவளால் தலை நிமிர முடிவதில்லை.