தொட்டால் சாகும் ராம்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் முதலில் படிக்க வேண்டிய பாடம், மூடியைக் கழற்றியதும் “அய்யய்யோ” என்று வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சிவகாசியில் கடை போட்டிருந்தேன். ‘கேம் ஓடமாட்டேங்குது, இதையே அப்கிரேடு பண்ணலாமா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாமா?’ என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டவரா நீங்கள்? வாங்க, நம்ம ஆள்தான்.

வாத்தியாரின் கோலி

அந்தோணி சார் பள்ளிக்கூட வாத்தியார். பேப்பர் திருத்தி முடித்தால் கால்பந்து கேம் ஆட உட்கார்ந்துவிடுவார். அவர் கம்ப்யூட்டரில் கோலி, அதாவது கோல்கீப்பர், பந்தைப் பிடிக்கப் பாய்ந்தால், நீங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆள் அந்தரத்திலேயே நிற்பார். “இன்னொரு ராம் போட்டா பறக்கும் சார்” என்று அளந்துவிட்டேன். ராம் என்பது உள்ளே செருகுகிற பச்சைப் பட்டை. அது கூடினால் வேகமும் கூடும்.

புதுசைச் செருகினேன். திரை இருட்டு. கழற்றிவிட்டுப் பழசையே திரும்பச் செருகினேன். அதற்கும் உயிரில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏம்ப்பா, நேத்து வரைக்கும் மெதுவாவாச்சும் ஓடிச்சே!”

மதுரைக்காரர் மேல் பழி

அதிலிருந்து நான் தொட்ட ராமெல்லாம் சாக ஆரம்பித்தது. தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: யார் வந்தாலும் “பழசு தாங்காதுங்க, புதுசு வாங்கிருங்க” என்பேன். வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். இன்னும் ஒன்று செத்தால் ஷட்டரை இழுத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலை தேடிப் போவது என்று முடிவே செய்துவிட்டேன்.

ராம் அனுப்பும் மதுரை வியாபாரியைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவர் சளைக்கவில்லை. “உங்க கடைக்கு வர்றது மட்டும் எப்படிங்க சாகுது? நான் என்ன கூடவே பட்டாசா வச்சு அனுப்புறேன்?”

யாருக்கு கேம்?

தீபாவளி முடிந்து கம்பெனி லீவு. நாரணாபுரம் முத்துமாரி அக்கா, அச்சாபீசில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருக்குப் பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. கார் ரேஸ் ஓட வேண்டுமாம். “பையனுக்காக்கா?” என்றேன். “எனக்குத்தான்” என்றார். என் வழக்கமான பாட்டைப் பாடினேன். “புதுசுக்கு நான் எங்கன போவேன்? போனஸ்ல இதுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், இதையே ஓட வைங்க தம்பி.”

கையில் இருந்தது ஒரே ஒரு ராம். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து பெட்டியைத் தொட்டேன். சுளீர்! விரல் நுனியில் ஒரு பொறி. எனக்கு அது தினசரி நடப்பது, சிரித்தேன். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மூன்றடி பின்னால் போய் நின்றார். “எங்க மருந்து செட்டுல இந்தப் பொறி விழுந்திருந்தா, நாம இந்நேரம் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம் தம்பி.”

செம்புத் தகடு

அப்புறம் என் சட்டையைத் தடவிப் பார்த்தார். பாலியஸ்டர். “இதைப் போட்டுக்கிட்டு வந்தா எங்களைக் கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாக” என்றார். செட்டு என்பது மருந்து செலுத்தும் கொட்டகை; அதன் வாசலில் பூமிக்குக் கம்பி இறக்கிய செம்புத் தகடு இருக்குமாம். அதைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த கரண்ட்டை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலே வைப்பார்களாம். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அத்தனை ராமையும் கொன்றது மதுரைக்காரர் இல்லை, சட்டையும் நாற்காலியும் உரசி ஏறிய கரண்ட்டை அதில் இறக்கிய என் கைதான்.

பாத்திரக்கடையில் ஒரு செம்புத் தகடு வாங்கி, எர்த் கம்பியோடு மேஜையில் ஆணி அடித்துப் பொருத்தினேன். பருத்திச் சட்டைக்கு மாறி, தகட்டைத் தொட்டுவிட்டு, அந்தக் கடைசி ராமைச் செருகினேன். திரை வெளிச்சமானது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடை பிழைத்தது அந்த அக்காவால்தான்; இன்றும் கையெடுத்துக் கும்பிடுவேன். அந்தோணி சாருக்கும் என் செலவில் ராம் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா கடையிலேயே உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினார், லாரியில் மோதினார், மறுபடி சுவரில் மோதினார். “பிரேக் பிடிங்கக்கா” என்றேன். திரும்பாமலே சொன்னார்: “எம்புட்டு இடிச்சாலும் வெடிக்க மாட்டேங்குது தம்பி, அம்புட்டு நிம்மதியா இருக்கு!”

ஆகவே, அப்கிரேடா புதுசா என்று குழம்பி நிற்பவர்களே, கம்ப்யூட்டரின் வயசைப் பார்ப்பதற்கு முன்னால் மெக்கானிக்கின் சட்டையைப் பாருங்கள்.