கடைசிப் பெயர்

எனக்கு வாய் நீளம். பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று வீட்டில் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் மலாக்காவில் பல்கலைக்கழகம் போய் மென்பொருள் பொறியியல் படித்தபோதும் அது குறையவில்லை.

அங்கே பத்து பெரண்டாம் என்ற இடத்தில் ஒரு கிளினிக்குக்கு நோயாளிகளைப் பதிவுசெய்யும் மென்பொருள் எழுதுவது எங்கள் குழுவின் வேலை. நாங்கள் நால்வர். தலைவன், பெம்பான் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பையன். கெட்டிக்காரன், அதைவிடப் பிடிவாதக்காரன். திரையில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் வைத்தான்: முதல் பெயர், கடைசிப் பெயர். ஆளைக் கூப்பிடுவது கடைசிப் பெயரால்.

"நமக்கு ஏது லா குடும்பப் பேரு? கடைசியில இருக்கிறது அப்பா பேரு. ஒரே கட்டம் போதும்," என்றேன்.

"புக்குல அப்படித்தான் இருக்கு. சும்மா குழப்பாத லா."

அவன் அடையாள அட்டையிலும் கடைசியில் இருந்தது அப்பா பெயர்தான். கை தூக்கச் சொன்னபோது நான் தனியாள். தோற்றேன், ஆனால் விடவில்லை.

மதிப்பெண் போட விரிவுரையாளர் கிளினிக்குக்கே வந்தார். நோயாளியாக நடிப்பது என் பங்கு. பதிவுசெய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். மிஸி, அதாவது கிளினிக் நர்ஸ், திரையைப் பார்த்து என் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். நான் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்.

"எழுந்திரு லா, மார்க் போயிடும்!" தலைவன் பல்லைக் கடித்தான்.

"என்னை எங்க கூப்பிட்டாங்க? எங்கப்பாவைத்தான கூப்பிட்டாங்க. அவரு ஃபேக்டரியில ஷிஃப்ட்ல இருக்காரு."

மதிப்பெண் நால்வருக்கும் பொது என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். தப்பான மென்பொருளுக்கு எழுந்து நின்று நல்ல பெயர் வாங்கித்தர முடியாது. பிறகு மதிப்பெண் குறைந்துதான் வந்தது, எனக்கு வருத்தமில்லை.

விரிவுரையாளர் சிரிக்கவில்லை. தலைவனையே பதிவுசெய்து உட்காரச் சொன்னார். மிஸி அவன் அப்பாவின் பெயரை உரக்கக் கூப்பிட்டார்.

அவன் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தான். நாங்கள் முதலாண்டு படிக்கும்போதே அவன் அப்பா இறந்துபோயிருந்தார். ஜெயித்த சந்தோஷம் எனக்கு அந்த நொடியே போய்விட்டது.

அவன் எழுந்து கணினிக்குப் போனான். கடைசிப் பெயர்க் கட்டத்தை எடுத்துவிடப் போனவன், விசைப்பலகைமேல் கையை வைத்தபடி நின்றான்.

"நீ சொன்னது சரி லா," என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "ஆனா எங்கப்பா பேர யாராவது சத்தமாக் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு. அழிக்கிறதுக்கு முன்னால மிஸியை இன்னொரு வாட்டி கூப்பிடச் சொல்லட்டுமா?"