டொலேடோவில் கேட்ட 'சீ'

என் வீட்டுக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம். எனக்கு அதைவிட ஒரு படி மேலே. எங்கள் இரண்டு பேர் ரோஷமும் சேர்ந்து அன்றைக்கு அவர் உயிரோடு விளையாடியது.

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் அவர் ஃபிட்டர். புது மிஷினைப் பழகிவர ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை டொலேடோ என்ற பழைய ஊருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். வீடியோவில் எனக்குக் காட்டிக்கொண்டே நடந்தார். மலைமேல் ஊர், மூன்று பக்கமும் ஆறு, கோபுர வாசல் வைத்த கல் பாலம். கண்ணாடிக்குள் பாதாம் அரைத்துப் பிசைந்த இனிப்பு. "மசாபானாம். உனக்கு வாங்கியாறேன். எனக்குக் குடுத்து வைக்கல," என்றார். அவருக்குச் சர்க்கரை.

கடைக்குக் கடை வாள் தொங்கியது. இரும்பைக் கண்டால் இவருக்கு உலகமே மறந்துபோகும். வேடிக்கை பார்த்து நின்றதில் கூட வந்தவர்களை விட்டுவிட்டார்.

காலையில் சர்க்கரை மாத்திரை போட்டதோடு சரி. சாப்பாட்டுக் கடையில் பன்றித் தொடைகளை முழுசாகத் தொங்கவிட்டிருந்ததால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்திருக்கிறார். இங்கே சாயங்காலம் ஐந்தரை, அங்கே மதியம் இரண்டு. பாதிக் கடைகளைச் சாத்திவிட்டார்கள். சந்து, படிக்கட்டு, மறுபடி சந்து.

"கை நடுங்குதுமே. கண்ணு வேற இருட்டிக்கினு வருது."

"சர்க்கரை எறங்குது. சீக்கிரம் பாலத்துக்கு வழி கேளுய்யா." பஸ் பாலத்தருகே நின்றிருந்தது.

எதிரே ஒரு பெரியவர் வந்தார். பாலத்தின் படம் போட்ட கார்டைக் காட்டி, போய்க்கொண்டிருந்த பக்கம் கை நீட்டி, "திஸ் வே?" என்றார் இவர். அந்த ஆள் "சீ" என்றது எனக்கே கேட்டது. இவர் முகம் சுண்டிப்போய் வந்த வழியே திரும்பி வேறொரு சந்து வழியாக இறங்கினார். அங்கே ஒரு பெண்ணிடமும் அதே கேள்வி. அவளும் "சீ, சீ" என்றாள். மறுபடி திரும்பினார்.

"யாரையும் கேக்காதய்யா," என்றேன். "சீன்றவங்ககிட்ட இன்னாத்துக்குப் போய் நிக்கிற? நீயே தேடிக்கினு போ."

அடுத்த நிமிஷம் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது.

முன்பு அங்கே போய்வந்த சூப்பர்வைசருக்குப் போன் அடித்தேன். "கூட இருக்கறவங்களுக்குச் சொல்றேம்மா. வழி கேட்டா அந்த ஊர்ல நல்லா சொல்வாங்க," என்றார்.

"இன்னாத்த சொல்றாங்க? சீ சீன்னு தொரத்துறாங்க சார்."

"அம்மா, அவங்க பாஷையில சீன்னா ஆமான்னு அர்த்தம்."

சரியான வழியில் போனவரை நாங்களே இரண்டு தடவை திருப்பியிருக்கிறோம். யாரையும் கேட்காதே என்று வேறு சொல்லித் தொலைத்தேன். கல்யாணமான நாளாக நான் சொன்னது எதையும் கேட்காத மனுஷன். இன்றைக்கும் கேட்காமல் இருக்கட்டும் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். எந்தப் படிக்கட்டில் சுருண்டு கிடக்கிறாரோ, பார்க்கிறவர்கள் குடிகாரன் என்று தாண்டிப் போவார்களோ. அழுதுகொண்டே அவர் நம்பரை அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் நம்பரிலிருந்தே போன் வந்தது; யாரோ சார்ஜ் போட்டிருக்கிறார்கள். பேசியது வேறு யாரோ பெண்பிள்ளை. மளமளவென்று என்னவோ சொன்னாள். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, மசாபான்.

"அவரு உயிரோட இருக்காரா? ஓகேவா? ஓகே?" என்று கத்தினேன்.

"சீ," என்றாள் அந்தப் புண்ணியவதி. "சீ, சீ."