சொதி நாளில் ஒரு முருங்கை வேர்

என் மகள் கல்யாணம் எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால், தாலி கட்டியதை நான் சொல்வதில்லை. மறுநாள் எங்கள் வீட்டுச் சாக்கடைக் குழாயில் நடந்ததைத்தான் சொல்வேன். கேட்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டாலும் விட மாட்டேன். சொல்லச் சொல்ல இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கிறது.

திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பாலில் வெந்த காய்கறி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்குத்தான் நம் வீட்டை நிஜமாகப் பார்ப்பார்கள். மண்டபத்தில் குறை இருந்தால் மண்டபத்துக்காரர் மேல் பழியைப் போட்டுவிடலாம். வீட்டில் முடியாது. நம் நாற்காலி, நம் புறவாசல், நம் கக்கூஸ்.

முருங்கைக்காய் இல்லாத சொதியை நான் சொதி என்றே ஒத்துக்கொள்வதில்லை. அதற்கென்றே புறவாசலில், குளியலறைச் சுவரை ஒட்டி, ஒரு முருங்கைக் கிளையைப் போத்தாக நட்டு வளர்த்திருந்தேன். கம்பளிப்பூச்சி விழுகிறது, குழாய் பக்கத்தில் இருக்கிறது, வெட்டு வெட்டு என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் அரிவாளைத் தேடுவார். “மகள் கல்யாணச் சொதி இந்த மரத்துக் காயிலதான். அது முடியட்டும், பொறவு வெட்டுங்க” என்று அவர் வாயை அடைத்துவந்தேன்.

ஆனால் அந்த நாட்களில் என் தூக்கத்தைக் கெடுத்தது மரமல்ல, மாப்பிள்ளை. சீவலப்பேரிப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பம். பையனுக்கு ஓசூரில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. பெண் பார்க்க வந்தவர் கேசரியைத் தின்றார், ‘சரி’ என்றார், போய்விட்டார். நிச்சயத்தன்றும் வாயைத் திறக்கவில்லை. கல்யாண போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். மகளைக் கேட்டால், “போன்ல நல்லாத்தாம்மா பேசுதாரு” என்பாள். என்ன பேசுகிறார் என்று தாய் துருவ முடியுமா? ஒற்றைப் பிள்ளையை எப்படிப்பட்ட ஆள் கையில் கொடுத்தோமோ என்று தாலி ஏறிய பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் மகளும் மாப்பிள்ளையும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். சம்பந்தி வீட்டார் வேனில் மத்தியானத்துக்குள் வருவதாக ஏற்பாடு. பந்தலில் சமையல்காரர் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து கத்தினார்: “ஏளா, தண்ணி போவல!”

போனேன். தரையெல்லாம் கணுக்கால் அளவு அழுக்குத் தண்ணீர். கக்கூஸில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி நின்றது. வேன் நிறைய ஆட்கள் வருகிறார்கள், அதில் பாதிப் பேர் வயசானவர்கள். பிளம்பருக்குப் போன் போட்டால் அவரே தென்காசியில் ஒரு கல்யாணத்தில் இருக்கிறார். கழிவுநீர் லாரிக்காரர் சாயங்காலம்தான் வர முடியும் என்றுவிட்டார்.

“மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியப்பிடாது” என்று எல்லோரிடமும் குசுகுசுத்தேன். முன்னறையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மறுவீட்டு மாப்பிள்ளை ராஜா மாதிரி. தாகம் எடுத்தால் தண்ணீர் கைக்கு வர வேண்டும். தானாக எழுந்து சொம்பை எடுத்தால் அது எங்களுக்கு அவமானம்.

முருங்கை மரத்தடியில், கழிவுநீர் போய் விழும் சேம்பர் தொட்டியின் மூடியைத் தூக்கினோம். முழங்கால் ஆழம்தான் இருக்கும். உள்ளே காய்ந்து கிடந்தது. குளியலறையிலிருந்து அதற்குள் வரும் பழைய மண் குழாயின் வாயில் மட்டும் செம்பட்டை மயிர் மாதிரி கொஞ்சம் வேர் தொங்கியது. பார்த்ததும் புரிந்துவிட்டது. என் மரம்!

வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பந்தல்காரர்கள் போட்டுவிட்டுப் போயிருந்த மூங்கில் பிளாச்சு ஒன்றை எடுத்துக் குழாய்க்குள் விட்டுக் குத்தினார். மெத்தையில் குத்துவது போலப் போய்ப்போய்த் திரும்பியது. கையால் இழுத்தால் நுனி மட்டும் பிய்ந்து வந்தது.

“மாமா, குத்துனா வராது. கொக்கி போட்டு இழுக்கணும்.”

திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கை கழுவப் போன இடத்தில் எல்லாம் தெரிந்துபோயிருக்கிறது. பின்னாலேயே என் மகள், புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் கூடக் காயவில்லை, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறாள்.

“மாப்ளே, நீங்க இதத் தொடப்பிடாது. உள்ள போய் இருங்க” என்று நான் குறுக்கே நின்றேன்.

“இருக்கட்டும் அத்தை. அந்தத் தொரட்டிய எடுங்க.”

முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டிதான். அதன் இரும்புக் கொக்கியை அவிழ்த்து, வளையக்கூடிய மூங்கில் பிளாச்சின் நுனியில் கம்பியால் வரிந்து கட்டினார். மண்ணில் குப்புறப் படுத்துக் குழாய்க்குள் பைய நுழைத்தார். முதல் தடவை கொக்கி வெறுமனே வந்தது. இரண்டாவது தடவை எதிலோ மாட்டியது. இழுத்தார். அசையவில்லை.

“ஏட்டி, நீயும் பிடி!” என்றார் அவர். என் மகளைத்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளோ கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே பிளாச்சைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க, சமையல்காரர் கரண்டியோடு ஓடிவர, பாத்திரம் கழுவ வந்த அக்கா “இழு தாயி, இழு!” என்று கத்த, நானும் என்னை மறந்து “விடாதிய, வருது, வருது!” என்று குதிக்கிறேன். மாப்பிள்ளையாவது ராஜாவாவது!

வந்தது. நேற்று என் மகளுக்குப் பூ வைத்துப் பின்னினோமே, அந்தச் சடையின் நீளமும் பருமனும் அப்படியே. அது வெளியே விழுந்த அடுத்த நொடி, அடைபட்டிருந்த தண்ணீர் முழுவதும் பீறிட்டு மாப்பிள்ளை முகத்திலும் மார்பிலும் அடித்தது. குளியலறையில் களகளவென்று சத்தம். “போவுது! எல்லாம் போவுது!” என்று என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கூவினார். பாத்திரம் கழுவுகிற அக்கா சந்தோஷம் தாங்காமல் நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள் பாருங்கள், தெருவே அதிர்ந்தது.

அதே நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றது.

குலவை தங்களை வரவேற்கத்தான் என்று நினைத்து, பூரித்துப்போய் சம்பந்தி அம்மா நேரே சத்தம் வந்த பக்கமே வந்துவிட்டார். அங்கே அவர் பெற்ற பிள்ளை, சாக்கடைத் தண்ணீர் சொட்டச் சொட்ட, வேரைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மா மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மைனி, வீட்ல குடிச்ச தம்ளர எடுத்து வைக்க மாட்டான் இவன். ஒரே நாள்ல என்ன செஞ்சிய?”

“நான் ஒண்ணும் செய்யல மைனி. ஒங்க மருமவ கூப்பிட்டா போல” என்றேன், எப்படியோ.

மாப்பிள்ளை சிரித்தார். முகமெல்லாம் கறுப்புச் சேறு, பல் மட்டும் வெள்ளை. போட்டோக்காரர் அங்கே இல்லாமல் போனாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

நானே பினாயில் ஊற்றிக் குளியலறையைத் தேய்த்துக் கழுவினேன். மாப்பிள்ளையை வெந்நீர் போட்டுக் குளிக்க வைத்தோம். தண்ணீர் ஒரு சொட்டுத் தேங்காமல் ஓடியது. பந்தியில் அவர் இலையில் முருங்கைச் சக்கை குவிந்துகொண்டே போயிற்று. மரத்தை வெட்டும் பேச்சை என் வீட்டுக்காரர் மெதுவாக எடுத்தார். மாப்பிள்ளை மென்றுகொண்டே, “மரத்த வெட்டாதிய மாமா. பொங்கலுக்கு வருவோம்லா, அப்போ பழைய குழாயத் தோண்டி எடுத்துட்டு பிவிசி மாத்திருவோம்” என்றார். என் மகள் அவர் இலையில் இன்னொரு முருங்கைக்காயை வைத்தாள்.

சாயங்காலம் அவளை வழியனுப்பும்போது தாய்க்காரி அழ வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். முந்தானையைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். வேன் கிளம்பியது. ஜன்னல் ஓரத்தில் என் மகள் எதையோ சொல்ல, அவர் மறுபடி அந்தச் சிரிப்பைச் சிரித்தார். எனக்கு எவ்வளவு முயன்றும் அழுகை வரவில்லை. “மவள அனுப்புதோம்ங்கிற வருத்தமே மைனிக்கு இல்லையே!” என்று சம்பந்தி அம்மா ஜன்னல் வழியே கேலி செய்தார். நானும் சிரித்துக்கொண்டே, வேன் தெருமுனை திரும்பும் வரை கையை ஆட்டினேன். கையில் இன்னும் பினாயில் வாசம் அடித்தது.