மூன்றாம் தரம் கேட்பது

அவள் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து ஒஸ்லோவுக்கு இலக்கிய ஆராய்ச்சி செய்ய வந்தவள். நான் அதே துறையில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வந்த புதிதில் ஒரு பேராசிரியர் வீட்டு விருந்தில், "இன்னும் கொஞ்சம் எடுக்கிறீர்களா?" என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். மரியாதைக்கு வேண்டாம் என்றிருக்கிறாள். பாத்திரத்தை மூடி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் அதைச் சொல்லும்போதும் அவளுக்குப் பசி தீர்ந்திருக்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று மாலையே ஸ்டோவ்னரில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு தரம் வேண்டாம் என்றாள். "சும்மா இரு பிள்ளை, இன்னும் ரெண்டு இடியப்பம் வைக்கிறன்" என்று அம்மா வைத்தேவிட்டார். தமிழ் தெரியாதவளுக்கு அது நன்றாக விளங்கியது. தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

அவளுடைய ஆராய்ச்சியே மறுப்பைப் பற்றியதுதான். அவளுடைய நாட்டுக் கதைகளில் விருந்தாளி மறுப்பான், மணப்பெண் மறுப்பாள், அரசன் மறுப்பான். மூன்றாம் தரம் கேட்டபிறகு சொல்வதுதான் பதில். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் எனக்குத்தான் வாசிக்கத் தருவாள். பொறாமைப்படும்படி எழுதினாள்.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்தபோது அவளுடைய அரசாங்கம் ஒஸ்லோவில் தூதரகம் திறந்தது. நோர்வேஜிய மொழி தெரிந்த ஆள் தேவைப்பட்டது. கொஞ்சக் காலம்தான் என்று சொல்லிக்கொண்டு அந்த வேலைக்குப் போனாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இனி மந்திரிமாருக்குத் தேத்தண்ணி ஊத்தப்போறியோ?" என்று கேட்டேன். நாங்கள் நோர்வேஜிய மொழியில்தான் கதைப்போம். நினைவில் எல்லாம் எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் இருக்கிறது.

அவளுடைய நாட்டு மாணவர்களுக்கு நோர்வே கொடுத்துவந்த உதவித்தொகை நிற்கவிருந்தது. அதை நீட்டிக்கச் சொல்லிக் கேட்பதுதான் அவளுடைய முதல் வேலை. நோர்வே அதிகாரி முடியாது என்றார்.

"இஞ்சை முடியாதெண்டால் முடியாதுதான். விட்டிடு," என்றேன். இங்கேயே வளர்ந்தவள் என்ற மிதப்பு எனக்கு.

அவள் மறுபடி போனாள். மறுபடியும் முடியாது. மூன்றாம் தரம் போனபோது அந்த மனிதர், "ஏன் திரும்பத் திரும்ப வருகிறீர்கள்?" என்று கேட்டாராம். "எங்கள் ஊரில் மூன்றாவதுதான் பதில். அதைக் கேட்டுப்போக வந்தேன்," என்றாளாம். அவர் இன்னொரு வருஷம் கொடுக்கலாம் என்றாராம்.

குறொன்லாண்டில் ஒரு தேநீர்க் கடையில் இருந்து இதைச் சொல்லும்போது மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அத்தியாயம் எழுதி முடித்த எந்த நாளிலும் அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் கண்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

சில வருஷங்களில் அவளை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். விமான நிலைய ரயிலுக்கு நானும் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன்.

"கடைசி அத்தியாயத்தை எழுதுவியோ?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றாள்.

"போற இடத்திலையெண்டாலும்?"

"இல்லை." சிரித்தாள். நானும் சிரித்தேன். இந்த விளையாட்டு இருவருக்கும் தெரிந்ததுதானே.

ரயில் வந்து நின்றது. மூன்றாம் தரமும் கேட்டேன்.

அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"இல்லை," என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. பெட்டியைத் தூக்கி ரயிலுக்குள் வைத்தேன்.