அச்சு அண்ணன் தலைகீழாக எழுதிய சுவர்

அச்சு அண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருஷம் சுவரில் விளம்பரம் எழுதியே போயிருக்கிறது. எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பேர். தப்பே வராது. இதை மற்றவர்கள் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். “என் சுவர்ல ஒரு தப்பு காட்டு, பிரஷ்ஷை உடைச்சுப் போட்டுட்டு வீட்ல உக்காந்துடறேன்” என்பார். வீட்டில் உட்காருவதுதான் அவருக்கு உலகத்திலேயே பிடித்த காரியம் என்பது வேறு விஷயம்.

உண்மையைச் சொன்னால், அவர் எழுத்தைப் பார்ப்பாரே தவிர விஷயத்தைப் படிக்க மாட்டார். நாள் முழுக்க எழுதிவிட்டு வந்தவரிடம் இன்றைக்கு எழுதியது பல் டாக்டருக்கா பழக்கடைக்கா என்று கேட்டால் முழிப்பார். அப்புறம் உடம்பு. நாலு கடை தள்ளியிருக்கும் பெயிண்ட் கடைக்கு ஸ்கூட்டரில் போகிற ஆள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு சுவரும் இரண்டு ஆளும் வேண்டும்.

இப்படிப்பட்டவரிடம்தான் சுகாதார நிலையத்து டாக்டரம்மா அந்த வேலையைக் கொடுத்தார். எந்த வயதுக்காரர் எவ்வளவு உடம்பை அசைக்க வேண்டும் என்று பூங்காச் சுவரில் எழுத வேண்டும். “வெளியூர் போறேன், ஞாயித்துக்கிழமை காலையில வந்து பார்ப்பேன். சரியா இருந்தா மத்த ஆறு நிலையத்துச் சுவரும் உங்களுக்குத்தான்” என்றார். மூன்று மாதமாக ஈயோட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

திங்கட்கிழமை காலையில் இடப்பக்கம் வயதுகளை மேலிருந்து கீழே எழுதினார். பச்சைக் குழந்தை மேலே, அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் அடியில். மதியம் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டார். மேலிருந்து ஆரம்பித்தால் கடைசியில் கீழே குந்த வேண்டும், அப்புறம் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. ஆகவே வலப்பக்கத்தில், அந்தந்த வயதுக்கான பயிற்சியை அடியிலிருந்து எழுத ஆரம்பித்தார். நல்ல யோசனைதான். ஆனால் டாக்டரம்மா கொடுத்த பேப்பரை மட்டும் மேலிருந்தே பார்த்து எழுதினார், மகானுபாவன்!

மறுநாள் காலை அவருடைய மனைவி பூங்காவிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ஏங்க, பதினெட்டுலேர்ந்து அறுபத்திநாலு வயசு வரைக்கும் தினம் மூணு மணி நேரம் ஓடியாடி விளையாடணுமாமே?”

“எவன் சொன்னான்?”

“நீங்கதான். சுவர்ல எழுதியிருக்கீங்க.”

ஓடிப்போய்ப் பார்த்தார். வலப்பக்கம் முழுக்கத் தலைகீழ். நடுவில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரி மட்டும் தப்பித்திருந்தது. தவழாத குழந்தை, கீழே விழாமலிருக்க வாரம் மூன்று நாள் ஒற்றைக்காலில் நின்று பழக வேண்டுமாம். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், விழித்திருக்கும்போது அரை மணி நேரம் குப்புறப் படுக்க வேண்டுமாம். கைக்குழந்தையோடு நின்ற ஒரு அம்மா, “இதுக்கு இன்னும் தலையே நிக்கலையே அண்ணே” என்று கேட்டாள். “டாக்டரம்மா வரட்டும்மா, அதுவரைக்கும் ஒண்ணும் செஞ்சிடாதே” என்று கும்பிடாத குறையாகச் சொன்னார்.

பூங்காவுக்கு வரும் பெரியவர்களோ தங்கள் வரியைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க் ஒருவர் கண்ணாடி போட்டுப் படித்துச் சொல்ல, மற்ற எட்டுப் பேரும் படிக்காமலே பாய் விரித்துவிட்டார்கள். புல்தரையில் ஒன்பது வழுக்கைத் தலைகள் வரிசையாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

தப்பை ஒத்துக்கொண்டால் மானமும் போச்சு, ஆறு சுவரும் போச்சு. உடனே மாற்றினால் ஊருக்கே தெரிந்துவிடும், ஞாயிறென்றால் டாக்டரம்மா மாற்றச் சொன்னதாக நினைத்துக்கொள்வார்கள். ஞாயிறு விடியலில், ஆள் வருவதற்குள் திருத்திவிடலாம் என்று முடிவு செய்தார். அதுவரை மனைவியிடம் மாட்டிக்கொண்டார். முடியாது என்றால் சுவர் பொய் என்றாகும். பந்து வாங்கி வந்தாள். கயிறு வாங்கி வந்தாள். “இன்னும் நாப்பது நிமிஷம் பாக்கி” என்று கடிகாரத்தோடு பின்னாலேயே ஓடி வந்தாள். ஐம்பத்திரண்டு வயது ஆள் தெருவில் பாண்டியாடினார். சனிக்கிழமை, அவரே கட்டத்தில் சில்லைப் போட்டுவிட்டு, கோட்டை மிதித்ததாகச் சொன்ன பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சண்டை போட்டார்.

ஞாயிறு, வானம் வெளுக்கும்போதே நடந்து போனார். ஸ்கூட்டரைக் கிளப்பினால் மனைவி எழுந்துவிடுவாள். வலப்பக்கத்துக்கு வெள்ளையடித்தார், காய்ந்ததும் பேப்பரை வரிவரியாகப் படித்துப் படித்து எழுதினார். கடைசிச் சுழிப்பு முடியவும் ஒன்பது பாய்களும் வந்து விரியவும் சரியாக இருந்தது. யாரும் சுவரைப் பார்க்கவில்லை. பின்னாலேயே டாக்டரம்மா வந்துவிட்டார்.

“என்ன ஐயா, எல்லாரும் குப்புறப் படுத்திருக்கீங்க?”

“நீங்க சொன்னதுதாம்மா. சுவர்லயே போட்டிருக்கே” என்றார் ஹெட் கிளார்க்.

டாக்டரம்மா சுவரைப் பார்த்தார். “உங்க வயசுக்கு வாரம் நூத்தம்பது நிமிஷம் வேகமா நடக்கணும், விழாம நிக்கப் பழகணும்னுல்ல இருக்கு?”

ஹெட் கிளார்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். “நேத்து வேற இருந்துச்சே...” என்றார்.

“ஐயா படிச்சுச் சொன்னார், நாங்க படுத்தோம்” என்று மற்ற எட்டுப் பேரும் நைசாகக் கழன்றுகொண்டார்கள்.

“மறதி ஏதாவது இருக்கா ஐயா? ஒருநாள் வாங்க, பார்த்துடலாம்” என்றார் டாக்டரம்மா மெதுவாக.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். முப்பத்தாறு வருஷம் ஃபைல் படித்த கண் அது. அச்சு அண்ணன் ஈர பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஆறு சுவரும் அவருக்கு. பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

“அவர் சரியாத்தாம்மா படிச்சார். நான்தான் தலைகீழா எழுதித் தொலைச்சேன். இப்பத்தான் மாத்தினேன்.”

அந்த நேரம் பார்த்துப் பந்தும் கையுமாக வந்து நின்றாள் மனைவி.

“எப்படிங்க தலைகீழா வரும்?” என்றார் டாக்டரம்மா.

“இப்படி உக்காந்தா எழுந்திருக்க முடியாதும்மா” என்று குந்திக் காட்டினார். எழுந்தார். “அதனால கீழ்வரி முதல்ல.” மறுபடி குந்தினார், எழுந்தார். நாலாவது தடவை அவருக்கே உறைத்தது. குந்தியபடியே திருதிருவென்று விழித்தார்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அந்த ஆறு சுவரையும் எழுதுங்க. மேலேர்ந்து கீழே எழுதுங்க, இப்பத்தான் முடியுதே. ஐயா கூட நின்னு ஒவ்வொரு வரியும் படிச்சுப் பார்க்கட்டும்.” ஹெட் கிளார்க் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“அப்ப நிஜமா இவருக்கு எவ்வளவு நேரம், டாக்டரம்மா?” என்றாள் மனைவி.

“வாரத்துக்கு நூத்தம்பது நிமிஷமாவது வேகமா நடக்கணும். ரெண்டு நாள் தசைக்கு வலு சேர்க்கற பயிற்சி.”

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். “அஞ்சு நாள், தினம் மூணு மணி நேரம். ஆக மொத்தம் தொள்ளாயிரம் நிமிஷம். ஆறு வாரத்துக்குச் சேர்த்து முடிச்சுட்டேன்டி!” என்று ஹெட் கிளார்க்கின் பாயில் மல்லாந்து விழுந்தார்.

“அதெல்லாம் அடுத்த வாரத்துக்குச் சேர்த்து வைக்க முடியாது, எழுந்திருங்க” என்றாள் மனைவி, பந்தைத் தட்டிக்கொண்டே.

“தம்பி, படுக்கறதுன்னா குப்புறப் படுங்க” என்றார் ஹெட் கிளார்க். “உங்க கையால எழுதினதுதானே?”