அருளம்பலம் அண்ணை விற்ற ஐந்து டொலர் தாள்

சென்ற செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பிடக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணையின் மகள் வதனி தொலைபேசியில் அழைத்தாள். "அப்பா மோசம் போயிட்டார், மாமா" என்றாள். மறைந்த அருளம்பலம் அண்ணையை அறிந்தவர்களுக்காக இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும் என்று தெரிகிறது.

எண்பதுகளின் கடைசியில், நாடு விட்டு வந்த புதிதில், ஃபாரஸ்ட் கேட் என்ற ஊரில் நாங்கள் இருவரும் ஓர் அறையில் இருந்தோம். எனக்கு லோண்டரியில் வேலை, அவருக்குப் பெற்றோல் நிலையத்தில். ஞாயிறுகளில் பழைய சாமான் சந்தைகளில் அலைந்து, செல்லாத அமெரிக்கக் காசுத் தாள்களைச் சேர்ப்பார். அதற்கும் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் ஊருக்கு ஊர் முளைத்த சிறிய வங்கிகள் தாங்களே அச்சிட்டவை அவை. "பரிசோதிக்க ஆள் வந்தா, பெட்டியில ஆணியை நிரப்பி மேல மட்டும் வெள்ளிக்காசைப் பரப்பி, தாளுக்கு ஈடு இருக்கெண்டு காட்டுவாங்களாம். பேந்து பாங்க் பூட்டிடும். சனத்தின்ர கையில இந்தத் தாள்தான் மிச்சம்" என்பார்.

அவற்றில் மிச்சிகன் வங்கியொன்றின் ஐந்து டொலர் தாள் மிக அரிது. அதை விற்று மகள் வதனியை இங்கே கூப்பிட முடிவு செய்தார். தாயில்லாத பிள்ளை, பதினாறு வயது, கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். அங்கே இராணுவத்தின் சுற்றிவளைப்பு என்று செய்தி வரும் நாட்களில் அண்ணை சாப்பிடமாட்டார்.

விற்கப் போகும் காலை அவர் குளிக்கப் போன நேரம், தாளின் மடிப்புகள் என் கண்ணில் பட்டன. தொழில் புத்தி சும்மா இருக்குமா? துணி விரித்து, அயன் பெட்டியால் மெல்லிய சூட்டில் தேய்த்து, உறையில் திரும்ப வைத்தேன். நல்ல விலை போகட்டும் என்றுதான் செய்தேன். ரயிலில் அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "மடிப்பு இருந்தாப் பரவாயில்லை. அயன் பண்ணினாப் பழுது எண்டுதான் கணக்கு, பாதி விலையும் வராது." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பழைய காசு வாங்கும் கடைக்கார வெள்ளைக்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விலை சொன்னார், காசோலைப் புத்தகத்தை எடுத்தார். அண்ணை கடைசியாக ஒருமுறை தாளைத் தடவினார். விரல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசாதையுங்கோ, பிள்ளையை நினையுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"இது அயன் பண்ணின தாள்" என்றார் ஆங்கிலத்தில். "நான்தான் செய்தேன், தெரியாமல்."

பாதிக்கும் குறைவாகவே கிடைத்தது. வெளியே வந்ததும் அவரோடு சண்டை பிடித்தேன். "ஆணிப்பெட்டி காட்ட என்னால ஏலாது, தம்பி" என்றார். 

மீதியைச் சேர்க்க ஏழு மாதம் பிடித்தது. அதற்குள் வதனியை இரண்டு தடவை பொலிஸ் விசாரணைக்குப் பிடித்துக்கொண்டு போய்த் திருப்பி விட்டார்கள். அந்த இரண்டு தடவையும் அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேலைக்கு ஓடினேன்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அந்தக் கடையில் சொன்னதுதான். அதைத்தான் இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். வதனி, தாளைத் தானே பழுதாக்கியதால்தான் நீ வரப் பிந்தியது என்று அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். தேய்த்தது நான்.